சாயம் போன பூநாரை

வைஷாலியின் கழுத்தில் தொங்கும் பைனாகுலரைப் பார்க்கும்போதெல்லாம் லோகாவுக்கு வயிறு எரிந்தது. லேசுப்பட்ட எரிச்சல் இல்லை. காலையில் சாப்பிட்ட இட்லி வயிற்றுக்குள் மறுபடியும் ஒருமுறை வெந்துவிடும், அப்படி ஓர் எரிச்சல்!

லோகநாயகி என்பதுதான் அவள் முழுப் பெயர். கேளம்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். ஆறாம் வகுப்பு படித்தாள். பறவை என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

அவள் பள்ளிக்கூடத்தில் மார்கரெட் டீச்சர் ஒரு பறவை மன்றம் நடத்தினார். அவர் பாடம் எடுப்பது கணக்கு. ஆசை எல்லாம் பறவை மேல். ஐப்பசியில் மழை தொடங்கியதும், கோவளம் போகும் சாலையின் இரண்டு பக்கமும் இருக்கிற உப்பங்கழியில் எங்கெங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்கும். மன்றத்துப் பிள்ளைகள் விடுமுறை நாளில் சோடி சோடியாகப் போய்ப் பார்ப்பார்கள். அந்த வருடத்துக்குப் புதுப் பறவையை முதலில் பார்த்துச் சொல்கிறவரின் பெயர், மன்றம் கூடும் வகுப்பறையின் கரும்பலகையில் ஏறும்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. கூடப் போனவர், "ஆமாம், நானும் பார்த்தேன்" என்று சாட்சி சொல்ல வேண்டும். சாட்சி இல்லாத பறவைக்குப் பலகையில் இடம் கிடையாது.

இந்த நிபந்தனை வந்ததற்குக் காரணம் மோசஸ். போன வருடம் அவன் பாட்டுக்குப் பலகையில் 'பென்குயின்' என்று எழுதிவிட்டான்.

"எங்கேடா பார்த்தே?" என்று டீச்சர் கேட்டார்.

"பஸ் ஸ்டாண்டு பின்னால டீச்சர்" என்றான், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அன்றிலிருந்து யாரும் அவனை மோசஸ் என்று கூப்பிடுவதில்லை. பென்குயின்தான்.

பலகையில் யார் பெயர் அதிகம் இருக்கிறதோ, அவருக்கு ஒரு பரிசு உண்டு. கோப்பை, டிபன் பாக்ஸ் மாதிரிப் பரிசு இல்லை. வருடாவருடம் சென்னையிலிருந்து பறவை ஆராய்ச்சிக்காரர்கள் வந்து முட்டுக்காட்டில் படகு ஏறுவார்கள். அந்தப் படகில் இந்தப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு இடம் தருவார்கள். ஒருவருக்குத்தான்.

மூன்றாம் வகுப்பிலிருந்தே லோகாவுக்கு அந்த இடத்தின் மேல் கண். இந்த வருடம் அது தனக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

அப்போதுதானா வைஷாலி வந்து சேர வேண்டும்!

கோயம்புத்தூர்ப் பெண். அவள் அப்பாவுக்கு சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் வீடு. கழுத்தில் பைனாகுலர். பையில் வண்ணப்படம் போட்ட பறவைப் புத்தகம். போதாததற்கு மார்கரெட் டீச்சர் என்ன செய்தார் தெரியுமா?

"லோகா, வைஷாலி ஊருக்குப் புதுசு. இனிமே நீயும் அவளும் சோடி" என்றார்.

அவ்வளவுதான். பலகையில் வைஷாலியின் பெயர் மளமளவென்று ஏற ஆரம்பித்தது. லோகாவின் கண்ணுக்கு வெறும் புள்ளியாகத் தெரிவது, அவள் பைனாகுலரில் அலகும் வாலுமாகத் தெரியும். "ஆமாம், நானும் பார்த்தேன்" என்று சாட்சி சொல்லிச் சொல்லியே லோகாவுக்கு வாய் வலித்தது.

சரி, வீட்டுக்கு வந்தால் நிம்மதியா? அதுவும் இல்லை. லோகாவின் அப்பா காசிநாதன் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். தினமும் இருவரையும் பள்ளிக்கு ஏற்றிப் போவதும், வைஷாலியை அவள் வீட்டு வாசலில் இறக்கிவிடுவதும் அவர்தான்.

"போய்ட்டு வரேனுங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டு இறங்குவாள் வைஷாலி. காசிநாதன் உருகிப்போவார்.

"இன்னா மரியாத பாரு! வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுது. நீயும் கீறியே... 'நைனா, வண்டிய எடு'ன்னுகினு!"

"அப்போ அவளையே உன் பொண்ணா வெச்சிக்கோ நைனா" என்று லோகா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவர் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்புவார். லோகாவுக்கு மட்டும் சிரிப்பு வராது.

தீபாவளி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பலகையில் லோகாவும் வைஷாலியும் சரிசமமாக நின்றார்கள். வரும் வெள்ளிக்கிழமை டீச்சர் படகுக்குப் பெயர் சொல்லப்போகிறார். இன்னும் ஒரே ஒரு புதுப் பறவை போதும். அதை யார் முதலில் பார்க்கிறாரோ, படகு அவருக்கு.

மழை விட்டு வானம் வெளுத்திருந்தது. காசிநாதன் பாலத்துக்குப் பக்கத்தில் ஆட்டோவை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். சேற்றில் உள்ளான்கள் குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருந்தன. கூழைக்கடாக்கள் பெரிய பையோடு கடைக்கு வந்தவர்கள் மாதிரி அசைந்து அசைந்து நீந்தின. எல்லாம் ஏற்கெனவே பலகையில் ஏறிவிட்ட பறவைகள்தான்.

"லோகா!" வைஷாலியின் குரல் கீச்சென்று வந்தது. "அங்கே, ரொம்ப தூரத்துல, தனியா நிக்குது பாரு. பூநாரை!"

லோகா பைனாகுலரை வெடுக்கென்று வாங்கிக் கண்ணில் வைத்தாள்.

நெட்டைக் கால்கள். நீளமான கழுத்து. ஆனால் உடம்பு ரோஜா நிறத்தில் இல்லை. சாம்பலும் பழுப்புமாக, சேற்றில் புரண்டு எழுந்ததுபோல் இருந்தது. அந்தப் பறவை கால்களால் சேற்றை மிதித்து மிதித்துக் கலக்கியது. பிறகு கழுத்தை வளைத்து, தலையை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து, நடுவில் மடங்கிய அலகால் தண்ணீரைத் துழாவியது.

பூநாரையேதான்! லோகாவுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. இளம் பூநாரைகள் இப்படித்தான் மங்கலாக இருக்கும். வளர வளரத்தான் ரோஜா நிறம் ஏறும். போன வருடம் ஒரு கூட்டம் வந்தபோது, பெரியவற்றை ஒட்டிக்கொண்டு இப்படிச் சாம்பலாக நின்ற சின்னவற்றை அவளே நாள் கணக்காகப் பார்த்திருக்கிறாள்.

போச்சு. படகு போச்சு. இத்தனை வருடம் காத்திருந்தது எல்லாம் போச்சு. நேற்று வந்தவள் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

"எனக்கு ஒண்ணும் சரியா தெரியல" என்றாள் லோகா.

"மூக்கைப் பாரு! வளைஞ்சிருக்குது பாரு!"

"பூநாரைன்னா ரோஸ் கலரா இருக்கும். இது இன்னாவோ அழுக்குக் கொக்கு மாதிரி கீது."

அதற்குள் அந்தப் பறவை நாலு எட்டு ஓடி, எழும்பி, தெற்கே பறந்துபோய்விட்டது.

திங்கட்கிழமை மன்றத்தில் வைஷாலி பலகையில் 'பூநாரை' என்று எழுதிவிட்டுச் சொன்னாள். "பூநாரை பார்த்தேன் டீச்சர். ஆனா... சாம்பல் கலர்ல இருந்துச்சு."

நிதின் ஆரம்பித்தான். அவன்தான் வகுப்பிலேயே வாயாடி.

"மழையில நனைஞ்சு சாயம் போயிடுச்சா?"

"சோப்புத் தண்ணியில ஊற வெச்சிட்டாங்களோ?" என்றது இன்னொரு குரல். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

மார்கரெட் டீச்சர் மேசையைத் தட்டினார். வைஷாலியின் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அதில் ரோஜா நிறப் படம் மட்டுமே இருந்தது. அவருக்கே குழப்பம்.

"சரி, கூட யார் போனது? லோகா, நீ பார்த்தியாம்மா?"

எல்லோரும் லோகாவைத் திரும்பிப் பார்த்தார்கள். வைஷாலியும் பார்த்தாள், நம்பிக்கையோடு.

"எனக்கு... அப்படித் தெரியல டீச்சர்" என்றாள் லோகா.

டீச்சர் டஸ்டரை எடுத்து, வைஷாலி எழுதியிருந்ததை அழித்துவிட்டார்.

அன்று மதியத்துக்குள் வைஷாலிக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. பென்குயின்!

மிகவும் சந்தோஷப்பட்டவன் மோசஸ்தான். "அப்பாடா! ஒரு வருஷம் கழிச்சு நான் மறுபடியும் மோசஸ்" என்று எல்லோரிடமும் கை குலுக்கிக்கொண்டு திரிந்தான்.

லோகாவும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வயிற்றெரிச்சல் நின்றபாடில்லை. இப்போது எதற்கு எரிகிறது என்று அவளுக்கே புரியவில்லை.

வியாழக்கிழமை தண்ணீர்க் குழாய் அருகே மோசஸ் அவளிடம் வந்தான். அவன் முகத்தில் பழைய குஷி இல்லை.

"லோகா, ஒண்ணு சொல்லட்டுமா? நான் பென்குயின் பார்த்தேன்னு சும்மா வுட்டேன். பொய்யி. அதனால என்னை அப்படிக் கூப்பிட்டாங்க, நானும் பொறுத்துக்கினேன். ஆனா அந்தப் பொண்ணைப் பாத்தா பொய் சொன்ன மாதிரியே இல்ல. பாவமா கீது."

"உன் வேலையப் பாத்துகினு போடா" என்று லோகா சீறினாள். மோசஸ் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

அன்று மாலை ஆட்டோவில் வைஷாலி சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது.

"இன்னாம்மா, பைனாகுலர் காணோம்?" என்று கேட்டார் காசிநாதன்.

"வீட்டுல வெச்சுட்டேனுங்க அங்கிள். எனக்குக் கண்ணுதான் சரியில்லைங்க போல. நாளன்னைக்கு அப்பா கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறாங்க."

லோகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கண் டாக்டரா? எதுக்கு?"

"நான் பார்த்தது பூநாரைன்னு எனக்கு அவ்வளவு நிச்சயமா இருந்துச்சு லோகா. ஆனா நீயே இல்லைன்னு சொல்லிட்டியே. உனக்குத் தெரியாத பறவையா? அப்போ என் கண்ணுலதானே ஏதோ கோளாறு?"

ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழுந்து போய்க்கொண்டிருந்தது. வைஷாலி வழக்கம்போல "போய்ட்டு வரேனுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனாள்.

அன்று ராத்திரி லோகாவுக்குச் சோறு இறங்கவில்லை. தன் மனசோடு அவள் என்னென்னவோ பேரம் பேசிப் பார்த்தாள். கண்ணாடி போட்டால் என்ன, நிறையப் பேர் போடுகிறார்களே? படகில் போய்விட்டு வந்து மெதுவாகச் சொன்னால் என்ன? அடுத்த வருடம் வேண்டுமானால் அவள் போகட்டுமே? மனசு எதற்கும் மசியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மார்கரெட் டீச்சர் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"லோகாவும் வைஷாலியும் சமம். சமமா வந்தா, மன்றத்துல பழைய ஆள் யாரோ அவங்களுக்குத்தான் முதல் இடம். அதனால படகுக்குப் போறது நம்ம லோகநாயகி!"

எல்லோரும் கை தட்டினார்கள். அதிலும் பலமாகத் தட்டியது யார் தெரியுமா? வைஷாலி!

லோகா எழுந்தாள்.

"டீச்சர், அது பூநாரைதான். நானும் பார்த்தேன்."

கைத்தட்டல் சட்டென்று நின்றது.

"சாம்பல் கலர்லயா?" என்று நிதின் சிரித்தான். "இப்போ ரெண்டு பென்குயினா?"

"சின்னதுல அப்படித்தாண்டா இருக்கும். பெருசானாதான் ரோஸ் வரும். போன வருஷம் கூட்டமா வந்தப்போ நான் பாத்திருக்கேன். நம்ப மாட்டேன்னா இதப் பாரு!"

லோகா பெஞ்சை விட்டு வெளியே வந்தாள். இரண்டு கால்களாலும் தரையைத் தப் தப்பென்று மிதித்தாள். பிறகு இடுப்பை வளைத்துக் குனிந்து, உச்சந்தலை தரையைப் பார்க்கும்படி தலையைத் தொங்கவிட்டு, முகத்தை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். பின்னல் இரண்டும் தரையைப் பெருக்கின. வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் நிறுத்தவில்லை.

"சேத்தை மிதிச்சுக் கலக்கிச்சு" என்றாள், தலைகீழாகவே. "அப்புறம் தலையைக் கவுத்துப் போட்டுகினு இப்படித் துழாவிச்சு. கொக்கு இப்படித் தின்னுமாடா? நாரை தின்னுமா? சொல்லு!"

நிதின் யோசித்தான். பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். அவனும் யோசித்தான். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"தலைகீழா தின்னுறது பூநாரை மட்டும்தான்" என்றார் மார்கரெட் டீச்சர். "நிமிர்ந்துக்கோ லோகா, மயக்கம் வரப்போகுது. இவ்வளவு தெளிவா பார்த்துட்டு, திங்கக்கிழமை ஏன் தெரியலன்னு சொன்னே?"

லோகா நிமிர்ந்தாள். முகம் சிவந்திருந்தது. குனிந்ததனால் மட்டும் இல்லை.

"பொறாமை டீச்சர்."

அவள் வைஷாலி பக்கம் திரும்பாமலே தொடர்ந்தாள்.

"படகு எனக்கு வேணும்னு இருந்துச்சு. அவளுக்குக் கிடைச்சிடும்னு பொறாமை. அவ கண்ணு நல்லா கீது டீச்சர். என்னைவிட நல்லா கீது. டாக்டர்கிட்ட எல்லாம் போக வேணாம்."

டீச்சர் திட்டப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் போனார்.

"சாட்சி வந்தாச்சு. இதுவரைக்கும் இந்த மன்றத்துல யாரும் தலைகீழா நின்னு சாட்சி சொன்னதில்லை" என்று சொல்லிக்கொண்டே, 'பூநாரை - வைஷாலி' என்று பெரிய எழுத்தில் எழுதினார். படகும் வைஷாலிக்குப் போயிற்று.

"அப்போ பட்டப்பேரு?" என்று மோசஸ் கவலையாகக் கேட்டான். "எனக்கே திரும்பி வந்துடுமா டீச்சர்?"

அதற்குப் பிறகுதான் வகுப்பில் எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

கதை இங்கேயே முடிந்து இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு போனார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. வைஷாலிக்குக் கோபம் வந்துவிட்டது. சாதாரணக் கோபமா? ஆட்டோவில் பின்னால் உட்காராமல் காசிநாதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னைப் பென்குயின்னு கூப்பிட்டப்போ பக்கத்துலதானே இருந்தே" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "நான் வீட்டுக்குப் போய் அழுதேன், தெரியுமா?"

"தெரியாது" என்றாள் லோகா. "தப்புதான் வைஷாலி."

வைஷாலி சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். காசிநாதன் கண்ணாடியில் மகளைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முட்டுக்காட்டில் ஜே ஜே என்று கூட்டம். தம்பி தமிழ்வாணன் படகு பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்ததால் லோகாவும் அவனோடு வந்திருந்தாள். ஒன்றாம் வகுப்பு படிக்கும் அவனுக்குக் கேள்வி கேட்காமல் இருக்கத் தெரியாது.

மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு ஏறப்போன வைஷாலி, கரையில் லோகாவைப் பார்த்துவிட்டாள். கொஞ்சம் தயங்கினாள். பிறகு விடுவிடுவென்று நடந்து வந்தாள். முகம் இன்னும் உர்ரென்றுதான் இருந்தது.

"உன்மேல எனக்கு இன்னும் கோபம்தான்" என்றாள்.

"சரி" என்றாள் லோகா.

"ஆனா ஒண்ணு கேக்கணும். பூநாரைக் கூட்டம் வந்திருந்தா எந்தப் பக்கம் நிக்கும்?"

லோகா தண்ணீரைப் பார்த்தாள். இதைச் சொல்லாமல் விட்டால் என்ன என்று மனசின் ஒரு மூலை கேட்டது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நேரா போகாதீங்க, அங்க ஆழம். தண்ணி கம்மியா கீற பக்கம்தான் அதுங்க நிக்கும். அந்தச் சவுக்குத் தோப்பு தெரியுது பாரு, அதை ஒட்டினாப்புல போகச் சொல்லு. மோட்டார் சத்தம் கேட்டா பறந்துடும். தூரத்துலயே நிறுத்திடச் சொல்லு."

"சரி" என்றாள் வைஷாலி. இரண்டு அடி போனவள் திரும்பினாள். "நாளைக்கு ஆட்டோல பின்னாலதான் உட்காருவேன். எல்லாம் சொல்றேன்."

படகு கிளம்பியது. சவுக்குத் தோப்பை ஒட்டிப் போய், தூரத்தில் சத்தத்தை நிறுத்தியது. கரையிலிருந்து பார்க்க, தண்ணீருக்கு மேலே ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. அதன் ஓரத்தில் சாம்பலாகச் சில புள்ளிகள். படகில் ஒரு சின்ன உருவம் துள்ளிக் குதிப்பதும், பெரியவர் ஒருவர் அதைப் பிடித்து உட்கார வைப்பதும்கூடத் தெரிந்தது.

லோகா தன்னையறியாமல் சிரித்துவிட்டாள்.

தமிழ்வாணன் அவள் முகத்தையே பார்த்தான். "அக்கா, வைஷாலி அக்கா மட்டும் போயிடுச்சே. உனக்குப் பொறாமையா கீதா?"

"கீதுடா, நெறைய கீது" என்றாள் லோகா. "நீ கொஞ்சம் நவுரு, மறைக்குது."